கூடம் கேட்கும் லென்ஸும் கடை விற்கும் லென்ஸும்

திருமணங்களையும் மேடை நிகழ்ச்சிகளையும் படமெடுத்து வாழும் ஒளிப்படக் கலைஞர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. 70–200 மி.மீ. ஜூம் லென்ஸில் எஃப்/2.8 வாங்குவதா, எஃப்/4 வாங்குவதா என்பதே அது. தில்லி சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரியிலும் மும்பைக் கோட்டைப் பகுதியின் போரா பஜாரிலும் கேமரா வாங்க வருவோர் கேட்கும் கேள்வி இதுவே. தொழில் செய்பவர் என்றால் 2.8, பொழுதுபோக்குக்கு என்றால் 4 என்பது சந்தையின் வழக்கமான தீர்ப்பு. இத்தீர்ப்பு ஒரு காலத்தில் முழு உண்மையாக இருந்தது. இன்று பாதி உண்மையாகிவிட்டது. மீதிப் பாதிக்காக மாதத் தவணை கட்டுபவர்கள் பெரும்பாலும் தொழிலில் அப்போதுதான் கால் வைத்த இளைஞர்கள். ஆகவே இவ்வழக்கை வெறும் கருவிப் பேச்சாக ஒதுக்கிவிட முடியாது.

லென்ஸின் தேர்வு கடையில் தொடங்குவதால்தான் குழப்பம் விளைகிறது. அது படமெடுக்கப்போகும் கூடத்தில் தொடங்க வேண்டும். அங்கே அளக்க வேண்டியவை மூன்று: எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு தூரம், எவ்வளவு அசைவு. இம்மூன்றுக்கும் விடை தெரிந்தவருக்கு லென்ஸ் ஏறத்தாழத் தானே முடிவாகிவிடும். விடை தெரியாதவர் விலையைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்வார்.

முதலில் இரு லென்ஸ்களுக்கும் உள்ள வேறுபாடு என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். எஃப் எண் என்பது குவியத் தூரத்தை ஒளி நுழையும் திறப்பின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பது. 200 மி.மீ. நீளத்தில் எஃப்/2.8 வேண்டுமெனில் திறப்பின் விட்டம் ஏறத்தாழ 71 மி.மீ. இருக்க வேண்டும், எஃப்/4 எனில் 50 மி.மீ. போதும். பரப்பளவில் முதலாவது இரண்டாவதைப் போல இரு மடங்கு. அதாவது 2.8 இரு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. ஒளிப்படக்காரர்கள் இதையே ஒரு ஸ்டாப் என்கிறார்கள். எடையும் விலையும் கூடுவதற்கு இந்தப் பெரிய கண்ணாடியே காரணம். கேனான் 2010-இல் வெளியிட்ட டிஎஸ்எல்ஆர் கால 70–200 எஃப்/2.8 லென்ஸின் எடை 1,490 கிராம். 2006-இல் வந்த அதன் எஃப்/4 இணை 760 கிராம். மிரர்லெஸ் காலத்தில் இந்த இடைவெளி குறைந்துள்ளது. கேனானின் 2019 ஆம் ஆண்டு 2.8 லென்ஸ் 1,070 கிராம். 2020-இல் வந்த எஃப்/4 695 கிராம். சோனியின் 2.8 லென்ஸோ 2016-இல் 1,480 கிராமாக இருந்து 2021-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 1,045 கிராமாக இளைத்தது. எடை இளைத்ததே தவிர விலை இளைக்கவில்லை. முன்னணி நிறுவனங்களின் புதிய 2.8 லென்ஸ் இந்தியாவில் இரண்டு இலட்சம் ரூபாயை எளிதாகத் தொடுகிறது.

அந்த ஒரு ஸ்டாப் ஒளிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு வந்தது? விடை படச்சுருள் காலத்தில் இருக்கிறது. அக்காலத்தில் கேமராவில் ஏற்றிய சுருளின் வேகத்தை நிகழ்ச்சியின் நடுவில் மாற்ற முடியாது. ஐ.எஸ்.ஓ. 400 சுருளே அன்றாடப் பயன்பாட்டில் வேகமானது. 1600 வரை தள்ளிக் கழுவினால் படமெங்கும் மணல் தூவியதுபோல் ஆகிவிடும். ஃப்ளாஷ் எட்டாத மேடையையும் மாலை நேர விளையாட்டையும் எடுக்க வேண்டிய பத்திரிகை ஒளிப்படக்காரருக்கு, ஒளியைக் கூட்டிக்கொள்ள லென்ஸின் வாயைத் தவிர வேறு வழியே இல்லை. எஃப்/2.8 அவருக்கு ஆடம்பரமன்று, பிழைப்பு. அவசியத்தில் பிறந்த அந்த விதி பிறகு தகுதியின் அடையாளமாக மாறி, அதே அவசியம் இல்லாத இடங்களுக்கும் பரவிவிட்டது.

இன்றைய கணக்கைப் போட்டுப் பார்ப்போர் வேறு முடிவுக்கு வருவர். நடுத்தர வெளிச்சமுள்ள திருமணக் கூடம் ஒன்றில், எஃப்/2.8, 1/250 நொடி, ஐ.எஸ்.ஓ. 1600 என்ற அளவுகளில் சரியான ஒளிப்பதிவு கிடைப்பதாகக் கொள்வோம். அதே இடத்தில் எஃப்/4 லென்ஸுக்கு ஐ.எஸ்.ஓ. 3200 தேவை, எஃப்/5.6 லென்ஸுக்கு 6400. இன்றைய ஃபுல் ஃபிரேம் சென்சாருக்கு 3200 என்பது அச்சப்பட வேண்டிய எண்ணே அன்று. 12×36 அங்குல கரிஷ்மா ஆல்பத்தின் தாளில் 1600-க்கும் 3200-க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்கக்கூடிய மணமகளின் தாயார் இன்னும் பிறக்கவில்லை. 6400 வேண்டியிருக்கும் இடத்திலும், அடோபி லைட்ரூமில் 2023 முதல் இருக்கும் இரைச்சல் நீக்கும் வசதி போன்ற மென்பொருள்கள் கைகொடுக்கின்றன. ஆயினும் மூவாயிரம் படங்களுக்கும் அதை ஓட்டினால் கணினியும் பொறுமையும் ஒருசேரச் சூடாகும் என்பதால், அதைத் தேர்ந்தெடுத்த படங்களுக்கான மருந்தாகக் கொள்வதே நலம்.

இந்தியக் கூடங்களில் இன்னொரு தடையும் உண்டு. அது லென்ஸ் விளம்பரங்களில் வராது. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஆதலால் பழைய குழல்விளக்குகளும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன. கண்ணுக்குத் தெரியாத இத்துடிப்பு கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் 1/100 நொடியை விட வேகமாக ஓடினால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரக்கூடும். மிரர்லெஸ் கேமராவின் ஓசையற்ற எலக்ட்ரானிக் ஷட்டரில் படத்தின் குறுக்கே பட்டைகளே விழும். துடிப்பைக் கணித்து ஷட்டரை இயக்கும் வசதி சில கேமராக்களில் உண்டு. இல்லாதவர் 1/100 அல்லது 1/50 நொடியில் நின்றுவிடுவதே வழி. அப்படி நிற்பவருக்கு 2.8 தரும் கூடுதல் வேகத்தால் பயனேதும் இல்லை. முன்சொன்ன அதே கூடத்தில் 1/100 நொடிக்கு எஃப்/4 லென்ஸே ஏறத்தாழ ஐ.எஸ்.ஓ. 1250-இல் வேலையை முடித்துவிடும். கை நடுக்கத்தை லென்ஸில் உள்ள நிலைப்படுத்தும் அமைப்பு பார்த்துக்கொள்ளும்.

இங்கே ஒரு பிழையான நம்பிக்கையையும் களைய வேண்டும். நிலைப்படுத்தும் அமைப்பு கலைஞரின் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும். எதிரே ஆடுபவரின் காலை நிறுத்தாது. 'ஐந்து ஸ்டாப் நிலைப்படுத்தல்' என்ற பெட்டி வாசகத்தை நம்பி, 2.8-க்கு மாற்றாக எஃப்/5.6 லென்ஸை நடன நிகழ்ச்சிக்குக் கொண்டுபோனவர் கூர்மையான மேடையையும் மங்கலான நடனமணியையும் வீட்டுக்குக் கொண்டுவருவார்.

அடுத்து, பின்னணியை மங்கச் செய்யும் ஆற்றல். 2.8-இன் ஆதரவாளர்கள் முதலில் எடுத்துவைக்கும் வாதம் இதுவே. பிளாஸ்டிக் நாற்காலிகளும் தொங்கும் வயர்களும் நிறைந்த கூடத்தில் பின்னணி கரைவது பெரும் வரம் என்பதை மறுக்க இயலாது. ஆனால் வரத்துக்கும் விலை உண்டு. 200 மி.மீ. நீளத்தில், ஐந்து மீட்டர் தொலைவில், எஃப்/2.8-இல் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர். எஃப்/4-இல் அது பதினைந்து. இந்தியச் சடங்குகளின் உச்சத் தருணங்கள் பெரும்பாலும் ஒற்றை முகத்தில் நிகழ்வதில்லை. இரு முகங்களுக்கு இடையில் நிகழ்கின்றன. வங்காளத் திருமணத்தின் சுபதிருஷ்டியை எடுத்துக்கொள்ளலாம். மரப்பலகையில் அமர்த்தித் தூக்கிவரப்படும் மணமகள், முகத்தை மறைத்திருக்கும் வெற்றிலைகளை விலக்கி மணமகனை முதன்முறையாக நோக்கும் நொடி அது. நேர் பக்கவாட்டில் இடம் கிடைத்தால் இரு முகங்களும் ஒரே தளத்தில் அமையும், 2.8 அழகு சேர்க்கும். கூட்ட நெரிசலில் மணமகனின் தோளுக்குப் பின்னே இடம் கிடைத்தால், இரு முகங்களுக்கும் இடையே ஒரு முழமேனும் இருக்கும், எஃப்/2.8 அவற்றுள் ஒன்றைத்தான் காப்பாற்றும். அனுபவமுள்ளவர் அங்கே 2.8 லென்ஸையே 5.6-க்கு மூடிக்கொள்வார். இரண்டு இலட்சம் கொடுத்து வாங்கிய திறப்பை முக்கியத் தருணத்தில் மூடிவைக்க நேர்வது இத்தொழிலின் அன்றாட முரண்.

பின்னணி என்பது எப்போதும் பகையுமன்று. ஒடிசாவின் கொணார்க் நடன விழாவில் மேடைக்குப் பின்னே சூரியக் கோயில் ஒளியூட்டப்பட்டு நிற்கிறது. அங்கே கோயிலைக் கரைத்துவிட்டு நடனமணியை மட்டும் எடுப்பவர் எந்த ஊர் அரங்கிலும் எடுத்திருக்கக்கூடிய படத்தைத்தான் எடுக்கிறார். நிகழ்ச்சிப் படத்தின் கடமை யார் என்று சொல்வது மட்டுமன்று. எங்கே என்று சொல்வதும் அதன் கடமையே.

இவ்வளவும் எஃப்/4-க்கு ஆதரவாகச் சொன்ன பின், 2.8 தவிர்க்க முடியாத இடம் எது என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அது இரவு மேடை. அதிலும் நடனமும் நாடகமும். மேடை விளக்குகள் ஒரு முகத்தின் மீது மட்டும் விழுந்து, சுற்றிலும் இருளாக இருக்கும் நிலையில், முன்சொன்ன திருமணக் கூடத்தின் ஒளியில் கால்பங்குதான் கிடைக்கும். கதக் கலைஞர் சுழலும்போது அங்கியின் விளிம்பும் விரல் நுனியும் உறைய வேண்டுமெனில் 1/500 நொடியாவது வேண்டும். கணக்குப் போட்டால் எஃப்/2.8-க்கே ஐ.எஸ்.ஓ. 12800 ஆகிறது, எஃப்/4-க்கு 25600, எஃப்/5.6-க்கு 51200. இந்த உயரத்தில் ஒவ்வொரு ஸ்டாப்பும் கண்ணுக்குத் தெரியும். நிறம் வெளிறும், நிழல் சேறாகும், ஆட்டோஃபோகஸ் தடுமாறும். ஆண்டு முழுதும் நடனத்தையும் நாடகத்தையும் எடுப்பவருக்கு 2.8 லென்ஸ் ஆடம்பரமன்று. அவர் கடன் வாங்கியேனும் அதை வாங்கலாம்.

எனினும், அங்கேயும் கலையறிவு ஒரு ஸ்டாப்புக்குச் சமம். தீன்தாளின் பதினாறு மாத்திரைகளும் சுழன்று வந்து 'சம்' என்னும் முதல் மாத்திரையில் விழும்போது கதக் கலைஞர் ஒரு கணம் சிலையாக நிற்பார். ஒடிசியின் திரிபங்க நிலையும் அவ்வாறே ஒரு நொடியேனும் நிலைக்கும். தாளம் தெரிந்த ஒளிப்படக்காரர் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து 1/125 நொடியில் கூர்மையான படத்தை எடுத்துவிடுவார். தாளம் தெரியாதவர் நொடிக்கு இருபது படம் சுட்டு, அவற்றுள் ஒன்று தேறாதா என்று இரவு முழுதும் தேடுவார். இசை மேடையில் இவ்வசதி இன்னும் அதிகம். பீம்சேன் ஜோஷி தம் குருவின் நினைவாக 1953-இல் புனேயில் தொடங்கிய சவாய் கந்தர்வ விழா போன்ற மேடைகளில் பாடகர் அமர்ந்தே பாடுகிறார். ஆலாபனையின்போது கை மெல்லத்தான் உயர்கிறது. முகம் ஒரு சுவரத்தில் நிலைத்து நிற்கிறது. எஃப்/4 லென்ஸும் 1/125 நொடியும் அங்கே பெரும்பாலும் போதும்.

மூன்றாவது அளவை தூரம். இதற்கு எளிய வாய்ப்பாடு உண்டு. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. அதைக் குவியத் தூரத்தால் வகுத்து, நிற்கும் தொலைவால் பெருக்கினால் படத்தில் அடங்கும் அகலம் கிடைக்கும். 200 மி.மீ. லென்ஸுடன் 15 மீட்டரில் நின்றால் 2.7 மீட்டர் அகலம் அடங்கும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் அது 2.7 மீட்டர் உயரமாகும். நிற்கும் மனிதர் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடைவெளியோடு அழகாக அடங்குவார். ஆகவே 15 மீட்டர் வரை 200 மி.மீ. போதும். 30 மீட்டர் எனில் அதே சட்டகத்துக்கு 400 மி.மீ. வேண்டும். மறுமுனையில், 70 மி.மீ. லென்ஸுடன் பத்துப் பேர் வரிசையாக நிற்கும் ஐந்து மீட்டர் அகலக் குடும்பப் படத்தை எடுக்கப் பத்து மீட்டர் பின்னால் போக வேண்டும். வீட்டு முற்றத்தில் மஞ்சள் பூசும் சடங்குக்குப் பத்து மீட்டர் எங்கே இருக்கிறது? பின்னே சுவரும் மாமாக்களும் இருப்பார்கள்.

ஆதலால் சிறிய இடங்களில் தனியாக வேலை செய்பவர் 70–200 என்ற மரபையே கேள்விக்கு உட்படுத்தலாம். டாம்ரான் 2021-இல் கொண்டுவந்த 35–150 மி.மீ. எஃப்/2–2.8 லென்ஸ் அத்தகைய கேள்வியின் விளைவே. 1,165 கிராம் எடையுடன், குடும்பக் குழுப்படம் முதல் மணமகளின் கண்ணீர் வரை ஒரே லென்ஸில் அடக்குகிறது. 150-க்கு அப்பால் அதன் கை எட்டாது. அதே நிறுவனத்தின் 70–180 எஃப்/2.8 இன்னொரு சமரசம். 2020-இல் வந்த முதல் பதிப்பு 810 கிராம். ஆனால் நிலைப்படுத்தும் அமைப்பு இல்லை. 2023-இல் வந்த இரண்டாம் பதிப்பு அக்குறையைத் தீர்த்து 855 கிராமில் நிற்கிறது. 20 மி.மீ. நீளத்தை விட்டுக்கொடுத்தால் எடையையும் கணிசமான பணத்தையும் மிச்சப்படுத்தலாம் என்பதே இதன் பாடம். சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா வைத்திருப்பவருக்கு 200 மி.மீ. லென்ஸே ஏறத்தாழ 300 மி.மீ. போல நடந்துகொள்ளும், அவருக்கு நீளத்தில் குறையில்லை, 70 மி.மீ. முனைதான் இன்னும் நெருக்கும்.

அருகே போக முடியாத, போகக் கூடாத இடங்களும் உண்டு. குருத்வாராவின் ஆனந்த் காரஜ் சடங்கில் மணமக்கள் குரு கிரந்த சாகிப்பை நான்கு முறை வலம் வருகிறார்கள். தலையை மூடிக்கொண்டு, யாருடைய பார்வையையும் மறைக்காமல், ஓரத்தில் அமர்ந்தே படமெடுப்பது மரியாதை. கேரளத்திலும் கோவாவிலும் பல தேவாலயங்களில் பீடத்தை நெருங்கவும் ஃப்ளாஷ் அடிக்கவும் அனுமதி இல்லை. இங்கெல்லாம் நீண்ட லென்ஸ் தொழில்நுட்பத் தேர்வு மட்டுமன்று. நடத்தை பற்றிய தேர்வும்கூட. இன்றைய இந்தியத் திருமணத்தில் முன்வரிசை விருந்தினர் காண்பது மணமக்களையா, ஒளிப்படக்காரர்களின் முதுகுகளையா என்ற கேலியில் உண்மை இருக்கிறது. பத்து மீட்டர் விலகி நிற்க உதவும் எந்த லென்ஸும், எஃப்/5.6 ஆனாலும், மணமேடையில் ஏறி நிற்கும் எஃப்/2.8-ஐ விட நாகரிகமானது. ஆனால் விலகி நிற்கும் ஆற்றல் ஒளிந்து பார்க்கும் உரிமை ஆகாது. விருந்தில் வாய் நிறையச் சோற்றோடு இருப்பவரையும், தனியறையில் அழும் பெண்ணையும் தூரத்திலிருந்து பிடித்து ஆல்பத்தில் சேர்ப்பது நீண்ட லென்ஸின் இழிந்த பயன்.

பகல் நிகழ்ச்சிகளுக்கு வேறு நீதி. பள்ளி விளையாட்டு விழா, ஊர்வலம், மைதானக் கூட்டம் ஆகியவற்றில் வெயிலே போதிய ஒளி. அங்கே 70–300 போன்ற, ஜூம் செய்யும்போது எஃப் எண் மாறும் லென்ஸ்களைத் தாழ்வாகப் பார்ப்பதற்குக் காரணமே இல்லை. நண்பகலில் எல்லோரும் எஃப்/5.6-இலோ எஃப்/8-இலோதான் எடுக்கிறார்கள். பொழுது சாயத் தொடங்கியதும் அவற்றின் எல்லை தெரிந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் ஊர்வலம் ஏழு மணிக்கு வேறு நிகழ்ச்சி.

கருவி வாழ வேண்டிய சூழலும் தேர்வில் இடம்பெற வேண்டும். சில ஜூம் லென்ஸ்கள் நீட்டும்போது உடல் வெளியே வளரும். கேனானின் 2019 ஆம் ஆண்டு 2.8 அவ்வகை. சில உள்ளேயே இயங்கும். நிகானின் இசட் வரிசை 2.8-உம் சோனியின் 2.8-உம் அவ்வகை. மஞ்சள் தூளும் குலாலும் ஹோமப் புகையும் பறக்கும் இடத்தில் இரண்டாம் வகைக்கு மதிப்பு கூடுதல். முதல் வகை பைக்குள் சிறிதாக அடங்கும். கொல்கத்தா, மும்பை, கொச்சி போன்ற ஈரக்காற்று நகரங்களில் லென்ஸின் முதல் எதிரி பூஞ்சை. உலர்பெட்டியோ, காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லுமோ இல்லாத வீட்டில் இரண்டு இலட்ச ரூபாய்க் கண்ணாடிக்கும் இருபதாயிரம் ரூபாய்க் கண்ணாடிக்கும் ஒரே கதிதான். பழைய லென்ஸ் வாங்குபவர் இருட்டில் டார்ச் அடித்துக் கண்ணாடியினுள் சிலந்தி நூல் போன்ற இழைகள் உண்டா என்று பார்ப்பது முதல் கடமை. பில் இல்லாமல் விலை குறைத்துத் தரப்படும் புதிய லென்ஸ், நிறுவன உத்தரவாதம் இல்லாத லென்ஸ் என்பதையும் மறக்கலாகாது.

எடையை இளைஞர்கள் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வட இந்தியத் திருமணம் மாலை ஊர்வலத்தில் தொடங்கி, மாலை மாற்றலைக் கடந்து, நள்ளிரவுக்குப் பின் அக்கினி வலம் வந்து, விடியலில் பெண்ணை வழியனுப்பி முடிகிறது. பன்னிரண்டு மணி நேரம் கேமராவோடு இரண்டரைக் கிலோவைக் கழுத்தில் தொங்கவிடுபவரின் கை, கடைசி மணி நேரத்தில்தான் அதிகம் நடுங்கும்; விடைபெறும் மகளின் முகமும் கடைசி மணி நேரத்தில்தான் வரும்.

இனி பணம். 2.8 லென்ஸுக்கு ஒதுக்கும் தொகையில் எஃப்/4 ஜூம் ஒன்றையும், 85 மி.மீ. எஃப்/1.8 நிலைக்குவிய லென்ஸ் ஒன்றையும் பெரும்பாலும் வாங்கிவிடலாம். எஃப்/1.8 திறப்பு எஃப்/4-ஐப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு ஒளியைத் தருகிறது; 2.8-ஐப் போல இரண்டரை மடங்கு. விளக்கணைந்த பின் ஆறேழு மீட்டரில் நின்று ஆடுபவரை எடுக்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. லென்ஸ் மாற்றும் நேரத்தில் தருணம் தவறும் என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் ஒரே கேமராவோடு திருமணத்துக்குப் போவதே ஆபத்து. இரண்டாவது கேமரா பழையதானாலும், அதில் இந்த 85-ஐப் பூட்டி வைத்திருப்பது ஒரு காப்பீடும்கூட. ஆண்டில் நான்கைந்து இரவுகள் மட்டும் நடன விழா எடுப்பவர் அந்த இரவுகளுக்கு 2.8-ஐ வாடகைக்கு எடுக்கலாம். பெரு நகரங்கள் அனைத்திலும் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. வாடகை ஆண்டுத் தவணையை நெருங்கும்போது வாங்குவதைப் பற்றி யோசிப்பதே முறை. டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவருக்கோ இது நல்ல காலம்: பலரும் மிரர்லெஸுக்கு மாறுவதால் பழைய 2.8 லென்ஸ்கள் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. எடையைச் சுமக்க இசைந்தால், அவற்றின் படத்தரம் எந்த ஆல்பத்துக்கும் போதும்.

இதற்கெல்லாம் எதிராக நிற்கும் வலுவான வாதம் ஒளியியல் சார்ந்ததன்று, தொழில் சார்ந்தது. பெரிய ஸ்டுடியோக்கள் ஒரு நாள் வேலைக்கு இளைஞர்களை அழைக்கும்போது முதலில் கேட்பது அவர்கள் எடுத்த படங்களையன்று. அவர்களிடம் இருக்கும் கருவிகளையே. '2.8 இருக்கிறதா?' என்ற கேள்விக்கு இல்லை என்று சொன்னால் வேலை வேறொருவருக்குப் போய்விடும் என்ற அச்சத்தில் வாங்குபவரிடம், எஃப்/4 போதும் என்ற அறிவுரை எடுபடாது. அவர் வாங்குவது லென்ஸையன்று, நுழைவுச் சீட்டை. இந்த நிலையில் தவறு இளைஞர் மீது இல்லை. கருவியின் விலையை முழுதும் கூலிக்காரர் தலையில் ஏற்றிவிட்டு, ஒரு நாள் கூலியை மட்டும் பேரம் பேசும் வழக்கத்தின் மீது இருக்கிறது. இன்னின்ன லென்ஸ் கட்டாயம் எனக் கோரும் ஸ்டுடியோ, ஒன்று அதைத் தானே வாங்கித் தர வேண்டும். அல்லது அதன் வாடகையைக் கூலியோடு சேர்த்துத் தர வேண்டும். திருமணம் முடிந்தபின் ஆல்பம் அவர்களுடையது, தவணை மட்டும் இவருடையது என்பது நியாயமாகாது.

ஆகவே முடிவை வரிசையாகச் சொல்லிவிடலாம். இரவு மேடையும் நடனமுமே வாழ்வாதாரம் என்றால் எஃப்/2.8. திருமணமும் கருத்தரங்கும் இசையும் கலந்த வேலை என்றால் எஃப்/4 ஜூமும் ஒரு 85-உம். சிறிய வீடுகளிலும் நெருக்கமான கூடங்களிலும் தனியாளாக வேலை என்றால் 35–150 போன்ற இடைநிலை ஜூம். பகல் வெளியில் எஃப் எண் மாறும் நீண்ட ஜூம். எந்த வகை என்று இன்னும் தெரியாதவர் ஓராண்டு எடுத்த படங்களைக் கணினியில் திறந்து, எந்தக் குவியத் தூரத்திலும் எந்த ஐ.எஸ்.ஓ.விலும் எந்த ஷட்டர் வேகத்திலும் அதிகம் எடுத்திருக்கிறார் என்று பார்க்கலாம். ஒவ்வொரு படத்தோடும் அந்த எண்களைக் கேமராவே எழுதி வைத்திருக்கிறது. கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் அந்தக் கணக்கைக் கேட்பது இலவசம்.